ஆயுத பூஜைக்குத் துவைத்த பைகள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோவில்பட்டியில் கழுவாத பொருள் என்று ஒன்று இருக்காது. லாரி, லேத், தையல் மிஷின், மாவு மில், தீப்பெட்டி ஆபீஸ் வாசல் எல்லாம் குளித்துத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் ஷெட்டில் மட்டும் அன்று காலையிலேயே தண்ணீர்க் குழாயைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிடுவார்கள். பூட்டிய குழாய்க்கும் சந்தனம், குங்குமம் உண்டு. தண்ணீர்தான் கிடையாது.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. இந்த வருஷப் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். ஷெட்டே மாறிவிட்டது. ஒவ்வொரு தொட்டியிலும் என்ன கரண்ட் ஓடுகிறது என்று ஒரு திரையில் எண்கள் ஓடுகின்றன. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த பெண்கள் நாலு பேர் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு அதில் ஒரு பெண் கேட்டாள்:

"சார், எல்லாத் தொட்டிக்கும் அடியில ஓட்டை இருக்கு. பை அலசுத தொட்டிக்கு மட்டும் ஏன் இல்ல? தண்ணிய மோந்து மோந்து ஊத்தி இடுப்பு ஒடியுது."

இன்னொருத்தி, "பூஜைக்குக் குழாயப் பூட்டுதாங்களே, அது ஏதும் சாமி குத்தமா சார்?" என்றாள்.

"சாமி குத்தமில்லம்மா, என் குத்தம்" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். முப்பது வருஷம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேலி பேசியே காலம் தள்ளியவன், உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். இரும்பிலிருந்து பிளாட்டினமும் பல்லேடியமும் எடுப்பது. என் சம்பந்தியிடம் முதல் தடவை இதைச் சொன்னபோது, கல்யாணத்தைப் பேசி முடிப்பதற்காக அளந்து விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் சங்கதி எளிது. காரின் புகைக்குழாய்க்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் இருக்கும். புகையைச் சுத்தம் பண்ணுவதற்காக அதன்மேல் விலை உயர்ந்த இந்த உலோகங்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவு பூசியிருப்பார்கள். பழைய வண்டிகளிலிருந்து அந்தப் பீங்கான் மூட்டை மூட்டையாக எங்களுக்கு வரும். அதை அரைத்து, இரும்போடு சேர்த்து உலையில் உருக்குவோம். பீங்கான் கசடாக மேலே மிதக்கும். இரும்பு கீழே போகும், போகிற போக்கில் அந்த உலோகங்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும்.

அப்புறம் அந்த இரும்பிலிருந்து அவற்றைப் பிரிக்க வேண்டும். அதுதான் எங்கள் ஷெட். இரும்பைத் தகடாக வார்த்து, தகட்டுக்கு ஒரு துணிப்பை மாட்டி, தொட்டியில் தொங்கவிட்டு கரண்ட் விடுவோம். தொட்டியில் இருப்பது ஏறக்குறைய அன்னபேதி என்கிற இரும்பு உப்பு கரைத்த இளம்பச்சைத் தண்ணீர்தான். கரண்ட் ஓட ஓட இரும்பு தண்ணீரில் இறங்கிக் கரைந்து, எதிரே தொங்கும் இன்னொரு தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பிளாட்டினமும் பல்லேடியமும் இறங்காது. விளாத்திகுளம் பஸ்ஸில் கூட்டமெல்லாம் இறங்கின பிறகு, பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ரெண்டு பேர் தெரிவார்கள் இல்லையா, அந்த மாதிரி பைக்குள் கறுப்பாக ஒரு சேறு மிஞ்சும். அந்தச் சேறுதான் எங்களுக்குச் சோறு. வெறுமனே பார்த்தால் கரிசல் மண்ணைக் குழைத்த மாதிரி இருக்கும். காலில் மிதித்தால் கழுவிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் முலாம் பூசுகிற வேலை படித்தவன். சென்னையில் கொஞ்ச காலம் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு நிக்கல் பூசிக்கொண்டிருந்தேன். ஊரிலேயே வேலை என்றதும் ஓடிவந்துவிட்டேன். தீப்பெட்டித் தொழிலில் இருந்த குடும்பத்து முதலாளி ஒருவர் புதிதாக ஆரம்பித்த சின்னத் தொழிற்சாலை அது. ஆறு மாதம் தகடு தூக்கினேன், ஆறு மாதம் கம்பி முடுக்கினேன், அதற்கப்புறம் தொட்டிப் பக்கம் விட்டார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான். மீதி எல்லாம் ரெங்கசாமி சார் கொடுத்தது.

ரெங்கசாமி சார்தான் எங்களுக்குத் தலைமைக் கெமிஸ்ட். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் தெலுங்கு பேசுகிற, நிலம் உழுது பிழைக்கும் சம்சாரிக் குடும்பம். வெளியூர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டைதான் போடுவார், அது அழகுக்காக இல்லை. தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, தன் சட்டை மார்புக்கு முன்னால் பிடித்துக் குனிந்து பார்ப்பார். பச்சையாகத் தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தொட்டிக்குப் போவார். பழுப்புச் சாயல் தட்டினால் போச்சு, இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது என்று அர்த்தம். யார் மூடியைத் திறந்து வைத்தது என்று விசாரணை நடக்கும்.

அந்த விசாரணையும் சத்தமாக இருக்காது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. யாரையும் விளக்கம் சொல்ல விடமாட்டார். "வாயால வேண்டாம், கையால சொல்லுங்க" என்பார். அதாவது, தப்பு நடந்த நேரத்தில் என்னென்ன செய்தோமோ அதையெல்லாம் வரிசை மாறாமல் மறுபடியும் செய்து காட்ட வேண்டும். மூடியைத் தூக்கினால் தூக்க வேண்டும், நடுவில் பீடி பிடிக்கப் போயிருந்தால் போய்விட்டு வர வேண்டும். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்து வருவார். மனசுக்குள் பதற்றம் வந்துவிட்டால் மட்டும் தெலுங்கில் எண்ண ஆரம்பிப்பார். "ஒகட்டி, ரெண்டு, மூடு…" அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லாரும் தகட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்போம்.

பையிலிருந்து சேற்றை எடுப்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். தொட்டியிலிருந்து இறக்கிய பைகளை இடதுபக்கக் கொடியில் ஒரு ராத்திரி ஈரம் வடியத் தொங்கப்போட வேண்டும். மறுநாள், பனைமட்டையில் சீவிய தட்டைக் கரண்டியால் சேற்றை வழித்து எடுக்க வேண்டும். இரும்புக் கரண்டி கூடாது, துணி கிழியும். வழித்த பையை அலசும் தொட்டியில் ஒருமுறை அலச வேண்டும். அந்தத் தண்ணீரைப் பீப்பாயில் சேர்த்து வைக்க வேண்டும். அப்புறம் வலதுபக்கக் கொடியில் போட வேண்டும். வலதுபக்கப் பைகளை இரண்டாவது முறை அலசலாம். அந்தத் தண்ணீர் சுத்தம், அடித் தக்கையைப் பிடுங்கி வெளியே விட்டுவிடலாம். சுவரில் ஒரு பலகையில் அவரே பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்: 'முதல் அலசல் பீப்பாய்க்கு. இரண்டாம் அலசல் வெளியே.'

அலசுகிற வேலை செல்லத்தாயக்காவுடையது. என்னைவிட எட்டு வயசு மூத்தவர். தீப்பெட்டி ஆபீஸில் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிப் பழகிய விரல், ஒரு பையை எடுத்தால் நாலு உதறலில் வெள்ளையாக்கிவிடும்.

வழிக்கிற வேலை முதலில் என்னுடையது இல்லை. எப்போதும்வென்றான் ஊர்க்காரர், சுடலைமுத்து அண்ணாச்சி, அவர்தான் வழித்துக்கொண்டிருந்தார். அந்தப் பனைமட்டைக் கரண்டியே அவர் சொந்தக் கையால் சீவியதுதான். நல்ல வேலைக்காரர், ஆனால் சிடுசிடுப்பு. நான் ஏதாவது கிண்டலாகச் சொன்னால், "ஏலே முருகேசு, உன் வாயில ஒரு பைய மாட்டித் தொட்டியில தொங்கவிட்டாத்தான் சரிப்படுவ" என்பார்.

ஒவ்வொரு தடவையும் தகட்டில் எவ்வளவு விலை உலோகம் இருக்கிறது என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருப்பார்கள். சேற்றில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. துளிதான், ஆனால் எல்லாத் தடவையும். முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் வேலை விடுகிற நேரத்தில் வாசல் கேட்டருகே, எல்லாரும் பார்க்க, அண்ணாச்சியின் தூக்குவாளியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனாலும், "நாளையிலருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி வாளியை எடுத்து மூடிக்கொண்டு நடந்தார்.

அவர் போன வாரத்திலிருந்து குறைவது நின்றுவிட்டது. 'ஆள் போனதும் குறையும் போச்சு பாத்தியா' என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன். ஏன் மறைக்க வேண்டும், அவர் இடம் எனக்குத்தான் கிடைத்தது. அவர் விட்டுப்போன மட்டையை வைத்துத்தான் இரண்டு வருஷம் நான் சேறு வழித்தேன்.

இனி என் குத்தத்துக்கு வருகிறேன்.

அப்படி இரண்டு வருஷம் போன பிறகு வந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள். தொட்டிகளைச் சீக்கிரமே நிறுத்தி, ஆறு பைகளை இறக்கி இடதுகொடியில் போட்டிருந்தோம். ஆறும் நிறை சேறு. அதுவரைக்கும் அவ்வளவு பெரிய சரக்கு எங்களுக்கு வந்ததே இல்லை. வடக்கே ஒரு வாடிக்கையாளர் முதல் தடவையாக நம்பி அனுப்பியது. அடுத்த நாள் பூஜை, அதற்கடுத்த நாள் விடுமுறை, வந்து வழித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

பூஜை அலங்காரம் என் பொறுப்பு. எனக்கு அதில் ஆசை அதிகம். சாமி படம் வைக்கிற மேஜைக்கு நேர் மேலே இடதுகொடி ஓடுகிறது. மாவிலைத் தோரணம் கட்ட அதைவிட வாகான கயிறு கிடையாது. ஈரம் ஓரளவு வடிந்துதான் விட்டதே என்று ஆறு பைகளையும் எடுத்து, தற்காலிகமாக வலதுகொடியில் மற்றப் பைகளோடு போட்டேன். தோரணம் கட்டினேன். வாழைக்கன்று வாங்கச் சந்தைக்குப் போனேன். இரண்டு கன்று வாங்கிக்கொண்டு வருவதற்குள் அந்த ஆறு பைகளும் என் புத்தியை விட்டே போய்விட்டன.

"யக்கா, நாளைக்குப் பூஜை. வலது கொடியில கிடக்குத எல்லாப் பையையும் இன்னொரு அலசு அலசிப் போட்டுருங்க. வெள்ளை வெளேர்னு தொங்கட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் செல்லத்தாயக்கா குரல் கொடுத்தார். "தம்பி, பை என்னமோ கனமா இருக்கே?"

"நாளைக்கு லீவுல்லா, இன்னிக்கு எல்லாருக்கும் உடம்பு கனமாத்தான் இருக்கும்" என்றேன்.

"தண்ணி ரொம்பக் கறுப்பா வருதேப்பா."

"கரிசக்காட்டுல கறுப்பு வராம வெள்ளையா வரும்? அலசி விடுங்கக்கா."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான்.

விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் மட்டையைத் தீட்டிக்கொண்டு போய் இடதுகொடியைப் பார்த்தேன். காய்ந்த மாவிலை தொங்கியது. வலதுகொடியைப் பார்த்தேன். அத்தனை பைகளும் பூஜைக்கு வந்த வேட்டி மாதிரி வெள்ளையாக இருந்தன. ஒவ்வொரு பைக்குள்ளும் கையை விட்டுத் துழாவினேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் முதலாளிக்குச் சேதி போய்விட்டது. அவர் வந்த வேகத்தில், பூஜைக்கு முந்தின நாள் கடைசியாக ஷெட்டைவிட்டுப் போனது யார் என்று கேட்டார். செல்லத்தாயக்கா. "அவிய பையப் பாருங்க" என்றார். அக்காவை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து, கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். வெற்றிலைச் சுருக்குப்பை, ஒரு சீப்பு, வீட்டுச் சாவி, நாலு பச்சை மிளகாய். "சாயந்தரத்துக்குள்ள தெரியலன்னா நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தேன். அழவில்லை. கொட்டிய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டருகே கவிழ்ந்த தூக்குவாளி நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய், அன்று காலை முழுக்க நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு கிடந்தது. வேலை போய்விடும் என்கிற பயம். வேறென்ன சொல்ல? பயம்தான்.

மத்தியானம் ரெங்கசாமி சார் வந்தார். முதலாளியிடம் மெதுவாக, "ஸ்டேஷன் எங்கயும் போயிராது அண்ணாச்சி. ஒரு மணி நேரம் குடுங்க" என்றார். பிறகு எங்களை எல்லாம் ஷெட்டுக்குள் கூப்பிட்டார். "பூஜைக்கு முந்தின நாள் என்ன செஞ்சீங்களோ, அதை அப்படியே செய்யுங்க. வாயால வேண்டாம்."

ஒவ்வொருவராகச் செய்தார்கள். தொட்டியை நிறுத்தியவர் நிறுத்தினார். பை இறக்கியவர்கள் ஆறு பையை இறக்கி இடதுகொடியில் போட்டார்கள். என் முறை வந்தது. நின்றேன். சார் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "முருகேசன், கை" என்றார், அவ்வளவுதான்.

என் கை போய் இடதுகொடியிலிருந்து ஆறு பைகளையும் எடுத்தது, வலதுகொடியில் போட்டது. அப்புறம் இல்லாத மாவிலையை எடுத்துக் கட்டியது. "அப்புறம் நான்தான் சார் அக்காவ அலசச் சொன்னேன். அவிய ரெண்டு தடவை கேட்டாவ. நான் கேலி பேசி விட்டுட்டேன்" என்றேன். வாயால் சொல்லக்கூடாது என்பது மறந்துவிட்டது. அழுகை வந்தது, அழுதேன்.

பின்னால், "ஒகட்டி… ரெண்டு… மூடு…" என்று கேட்டது. ஏழு வரைக்கும் போனார். பிறகு, "செல்லத்தாய், நீங்க வாங்க. நீங்க செஞ்சதச் செய்யுங்க" என்றார்.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். பைகளைத் தொட்டியில் போட்டார், உதறினார், பிழிந்தார், கொடியில் போட்டார். குனிந்து அடித் தக்கையைப் பிடுங்கினார். அத்தோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அக்காவோ விறுவிறுவென்று பின்வாசல் வழியாக வெளியே போனார்.

"எங்க போறீங்க?" என்று சார் பின்னாலேயே ஓடினார்.

"ஓட்டையில மாட்டின ஓஸ் பைப்பத் திருப்பி விடணும்லா சார்? நேரா விட்டா சும்மா காட்டுக்குப் போயிரும். நான் எப்பவும் செடிக்குத்தான் திருப்புதேன்."

ஷெட்டுக்குப் பின்சுவர் ஓரமாக இரண்டு கட்டில் நீளத்துக்கு மிளகாய்ப் பாத்தி. அதை நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்தோம். அந்த மிளகாயைத்தான் மத்தியானச் சோற்றுக்குக் கடித்துக்கொண்டோம். குடிதண்ணீரே எண்ணி வருகிற ஊரில், ஒரு தொட்டித் தண்ணீரைச் சும்மா ஓடவிட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? ஆரம்பித்த நாளிலிருந்தே இரண்டாம் அலசல் தண்ணீர் முழுவதையும் அக்கா அங்கேதான் விட்டுவந்திருக்கிறார். "இந்தத் தண்ணி பட்டா எல நல்லாப் பச்ச புடிக்கி சார். எங்க காட்டுச் செடியெல்லாம் மஞ்சளடிச்சுக் கிடக்கு, இது பாருங்க" என்றார். அன்னபேதித் தண்ணீர் அல்லவா, பச்சை பிடிக்காமல் என்ன செய்யும்!

சார் பாத்தியருகே மண்டியிட்டார். மேல்மண்ணை விரலால் தொட்டு, தன் வெள்ளைச் சட்டையில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்து மண்ணை எடுத்து இன்னொரு கோடு இழுத்தார். இரண்டும் கறுப்புதான். ஆனால் பாத்தி மண் இழுத்த கோடு வெயிலில் லேசாக மினுங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பாத்திக்கு ஈரம் இருந்ததால வெடிப்பு இல்ல. ஒரு அடி தள்ளி ஊத்தியிருந்தா, இந்த வெடிப்பு வழியா பாதாளத்துக்குப் போயிருக்கும்" என்று பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளந்து கிடந்த தரையைக் காட்டினார். பிறகு வானத்தைப் பார்த்தார். எட்டயபுரம் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை. ஒரு மழை அடித்தால் பாத்தியும் வெடிப்பும் ஒன்றாகிவிடும்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதலாளி முதற்கொண்டு அத்தனை பேரும் பாத்தியைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்தோம். மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, தகரத் தட்டுகளில் உள்ளே கடத்தினோம். செடிகளை வேரோடு பிடுங்கி, வேரை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தோம். அக்கா மேற்பார்வை. "அண்ணாச்சி, அந்த மூலையில இன்னும் ஒரு சாண் எடுங்க. சொணங்காதீங்க, மழ வருது" என்று முதலாளியையே விரட்டினார். காலையில் அந்த அம்மாவின் கைப்பையைக் கொட்டச் சொன்ன மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்று தோண்டிக்கொண்டிருந்தார். கடைசித் தட்டை நான் வாசல்படி தாண்டி உள்ளே வைத்தபோது முதல் துளி என் முதுகில் விழுந்தது.

மண்ணிலிருந்து எப்படி எடுப்பது? சார் அதற்கு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இரும்பு." மண்ணைக் காயவைத்து, பீங்கானை உருக்குகிற மாதிரியே இரும்போடு உலையில் போட்டோம். கரிசலில் சுக்கான் என்கிற சுண்ணாம்புக்கல் கலந்தே கிடக்கும், அதனால் கசடு இளகப் போடுகிற சுண்ணாம்புகூடக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. மண்ணெல்லாம் கசடாக மேலே மிதக்க, இரும்பு கீழே இறங்கித் தேடவேண்டியதைத் தேடிப் பிடித்துவிட்டது. அதைத் தகடாக வார்த்து, பை மாட்டி, பச்சைத் தண்ணீரில் தொங்கவிட்டோம். அந்தச் சில நாட்களும் நான் யாரிடமும் ஒரு கேலிகூடப் பேசவில்லை. செல்லத்தாயக்காவே பொறுக்காமல், "ஏதாவது பேசுப்பா, ஷெட்டு இழவு வீடு மாதிரி இருக்கு" என்றார்.

சேறு வழித்த அன்று சார் தராசில் நிறுத்தார். சுத்தம் பார்த்துக் கணக்குப் போட்டார். மறுபடி நிறுத்தார். தெலுங்கில் எண்ண ஆரம்பித்தார். எங்களுக்கு உயிர் போய்விட்டது.

"குறையுதா சார்?" என்றேன்.

"இல்ல. கூடுது."

காணாமல் போனதைவிடக் கூடுதலாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சார் தட்டவில்லை. தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பை துணி எப்ப மாத்தினோம்?" என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லை. செல்லத்தாயக்காதான் சொன்னார்: "முன்னால காடாத் துணிப் பையில்லா இருந்துச்சு? சுடலைமுத்து அண்ணன் போன மறுநாளுதான சார் இந்த வழுவழுத் துணி வந்துச்சு. ஒரு பழைய காடாப் பைய டீ அடுப்புல பிடிதுணியா வச்சிருக்கேன்."

சார் அந்தப் பிடிதுணியை வாங்கிக்கொண்டு போனார். அதை எரித்துச் சாம்பலைச் சோதித்தார். சாயந்தரம் வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது. காடாத் துணியின் இழைக்குள் சேறு ஒளிந்துகொண்டு, வழித்தாலும் போகாமல், முதல் அலசலிலும் போகாமல், இரண்டாம் அலசலில்தான் கழன்றிருக்கிறது. அது அத்தனையும் மிளகாய்ப் பாத்தியில். புதுத் துணியின் இழையில் சேறு ஒட்டாது, அதனால் குறையும் நின்றது. ஆள் போனதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலாளியிடம் சார் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "'இரண்டாம் அலசல் வெளியே'ன்னு பலகையில எழுதினது நான். சுடலைமுத்து என் பலகையப் படிச்சு அதுபடி செஞ்சாரு. திருட்டு எதுவும் நடக்கல. என் சட்டம்தான் ஒழுகியிருக்கு."

மறுநாள் காலையில் சாரும் நானும் எப்போதும்வென்றானுக்குப் பஸ் ஏறினோம். என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தானே. மழை பெய்து நிலம் கறுகறுவென்று கிடந்தது. அண்ணாச்சி உளுந்து விதைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார், வரவேற்கவில்லை.

சார் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "தப்பு என்னோடது சுடலைமுத்து. வேலைக்கு வாங்க" என்றார்.

அண்ணாச்சி மடியில் இருந்த உளுந்தை அளைந்தார். "வேல கெடக்கட்டும் சார். தூக்குவாளியக் கவுத்தாவள்லா, அந்த கேட்டுல, அத்தன பேரு முன்னால? அதே இடத்துல, அதே மாதிரி எல்லாரும் நிக்கையில சொல்லணும். அப்ப வாரேன்."

முதலாளி ஒத்துக்கொள்வாரா என்று பயந்தேன். ஆனால் கரிசல் மண்ணைத் தோண்டியதில் அவருக்கும் ஏதோ இறங்கியிருக்க வேண்டும். வேலை விடுகிற நேரம், அதே கேட், எல்லாரும் நின்றோம். முதலாளி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார், துண்டை மாற்றிப் போட்டார். "சுடலைமுத்து மேல எந்தத் தப்பும் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். செல்லத்தாய் விஷயத்துலயும் அதேதான்" என்றார். சுடலைமுத்து அண்ணாச்சி தான் கொண்டுவந்திருந்த தூக்குவாளியை முதலாளியிடம் நீட்டி, "உளுந்தங்களி. சாப்பிட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றார். முதலாளி வாளியைத் திறந்தார், இந்தத் தடவை கவிழ்க்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வேலைக்கு வந்ததும் செய்த முதல் காரியம், அலசும் தொட்டியின் அடி ஓட்டையில் சிமெண்டைக் குழைத்துப் பூசி அடைத்ததுதான். சார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் இரண்டாவது வரியை அவரே அழித்தார். ஆயுத பூஜைக்குக் குழாயைப் பூட்டுகிற வழக்கத்தை அதற்கடுத்த வருஷம் ஆரம்பித்து வைத்தவர் செல்லத்தாயக்கா. சாவியை என் கண்ணெதிரே ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் ஆபீஸில் கொடுப்பார்.

எனக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது. அந்தப் பனைமட்டையைக் கழுவித் துடைத்து, அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். "உங்க மட்டை அண்ணாச்சி. இடமும் உங்க இடம். நான் பழையபடி தகடு தூக்கப் போறேன்" என்றேன். கிண்டல் இல்லாமல் நான் சொன்ன சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

அவர் மட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளிம்பை விரலால் நீவினார். இரண்டு வருஷத்தில் அது ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது.

"நாலு வெரல் அகலத்துக்குச் சீவி வச்சேன். மூணு கூட இல்ல" என்றார். நான் தலை குனிந்து நின்றேன்.

"இம்புட்டுத் தேஞ்சிருக்குன்னா ஒழுங்காத்தாம்லே வழிச்சிருக்க" என்று சொல்லி, அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தனக்கு வேறொன்று சீவிக்கொள்ள, வரும்போதே ஒரு பனைமட்டையைக் கொண்டுவந்திருந்தார்.